கதவில் இரண்டு தட்டு

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது என் கால்கள் தரையைத் தொடவில்லை. அது டாக்டரம்மாவின் நாற்காலி. அவர் நெட்டையானவர், நான் வகுப்புப் புகைப்படத்தில் எப்போதும் முதல் வரிசையில் நிறுத்தப்படும் ரகம். உயரத்தைக் குறைக்க இருக்கைக்கு அடியில் ஒரு கைப்பிடி இருக்கும் என்று தெரியும். ஆனால் எதிரே பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, பையை வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்கும்போது, குனிந்து நாற்காலிக்கு அடியில் துழாவும் துணிச்சல் எனக்கு இல்லை. கால்களை ஆட்டாமல் வைத்திருப்பதிலேயே பாதிக் கவனம் போயிற்று. பக்கத்திலிருந்த ரேடியோ என் பக்கம் சாய்ந்து, "மியூட்டு, ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்க. கொஞ்சம் கெத்தா உக்காரு," என்றான். கெத்தாக உட்காரத் தரை வேண்டும். அவனிடம் அதைச் சொல்லத் தோன்றியது, குரல் வரவில்லை.

வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். எனக்குத்தான் இன்று தூக்கம் பிடிக்கவில்லை. இன்று சாயங்காலம் நடந்ததுதான் காரணம். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து ஆரம்பித்தால்தான் இன்றைக்கு வர முடியும்.

எனக்குப் பதினேழு வயது. போன வருடம் பரீட்சை ஹாலில், கேள்வித்தாளைப் பிரிக்கும்போதே மூச்சு நின்றுவிட்டதுபோல் ஆகி, மேசையைப் பிடித்தபடி சரிந்தேன். இதயம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இதயம் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது மாடியில் வேறொரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்தான் டாக்டரம்மா. மாதக்கணக்கில் அவரிடம் போய் வந்தேன். ஓரளவு தேறியதும் ஒரு நாள் அவர், "நாங்க உங்க வயசுப் பசங்களோட மனசப் பத்தி ஒரு ஆராய்ச்சி பண்ணப் போறோம். நாங்களே உக்காந்து எழுதினா நாங்களே படிச்சுக்க வேண்டியதுதான். நீ வந்து சொல்லித் தர்றியா?" என்றார். முடியாது என்று சொல்ல வாய் வராததால் ஒப்புக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் ஒப்புக்கொண்ட பல விஷயங்கள் அப்படித்தான் நடந்தன.

அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் அந்த நாலாவது மாடியைக் கடந்து வந்தவர்கள். செருப்புக்கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி. எங்களில் மூத்தவள், இருபது வயது. யார் வந்தாலும் முதலில் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பாள். பிறகு ரேடியோ. அவன் தூங்கும்போதுகூடப் பேசுவான் என்று அவன் தம்பி சாட்சி சொன்னானாம். நிஜப் பெயர்கள் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது. நான் வந்து மூன்று கூட்டங்கள் வாயே திறக்காமல் இருந்ததைப் பார்த்து ரேடியோ, "இந்தப் பொண்ண யாரோ மியூட் போட்டுட்டாங்கப்பா. ரிமோட்டு யார்கிட்ட இருக்கு?" என்றான். அன்றிலிருந்து நான் மியூட்டு.

அந்த அறையில் சில பழக்கங்கள் உண்டு. கூட்டத்துக்குத் தலைவர் எங்களில் ஒருவர்தான், முறை வைத்து மாறும். பெரியவர்கள் பேச வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். டாக்டரம்மாவே கை தூக்கிக்கொண்டு காத்திருப்பார். சில சமயம் தலைவர் கவனிக்காமல் விட்டு, கை வலிக்க மறு கையால் தாங்கிப் பிடித்திருப்பார். இன்னொரு பழக்கம் செருப்புக்கடை அக்கா கொண்டுவந்தது. யாருக்கு மூச்சு முட்டினாலும், அழுகை வந்தாலும், எழுந்து போகலாம். போகும்போது கதவில் இரண்டு தட்டு தட்டினால், 'நான் திரும்பி வருவேன், யாரும் பின்னால் வராதீர்கள்' என்று அர்த்தம். தட்டாமல் போனால் நர்ஸ் அண்ணா உடனே பின்னால் போவார். நர்ஸ் அண்ணா என்றால் இந்த ஆராய்ச்சிக்கென்றே போடப்பட்ட ஆண் நர்ஸ். பார்க்க மல்யுத்தம் செய்பவர்போல் இருப்பார், குரல் மட்டும் தாலாட்டுப் பாடுபவர் குரல். திரும்பி வந்தவரிடம் "என்ன ஆச்சு?" என்று யாரும் கேட்கக் கூடாது. விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ விளையாட்டுபோல் தெரியும். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டில் நான் பாத்ரூமுக்குப் போனால்கூட இரண்டு நிமிடத்தில், "உள்ள நல்லா இருக்கியா?" என்று குரல் வரும்.

ஆராய்ச்சி இதுதான். பள்ளிகளிலிருந்து விருப்பப்பட்டுச் சேரும் பிள்ளைகளின் போனுக்கு ஆறு மாதம் தினமும் சாயங்காலம் சில கேள்விகள் போகும். யாருக்கு எப்போது மனசு சரிய ஆரம்பிக்கிறது, அதை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பார்ப்பது. டாக்டரம்மாவின் ஆட்கள் முதலில் எழுதிய கேள்விகளை ரேடியோ சத்தமாக வாசித்தான். "அன்றாடச் செயல்களில் ஆர்வக்குறைவை உணர்ந்தீர்களா?" பிறகு சொன்னான், "டாக்டரம்மா, இதைப் படிச்சாலே ஆர்வம் குறையுது." அப்படி வெட்டி ஒட்டி மாற்றியதில் அந்தக் கேள்வி "இன்னைக்குப் பல்லு விளக்கத் தோணுச்சா?" என்று ஆனது. அதை எழுதியது நான். சத்தமாகச் சொல்லவில்லை, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அக்காவிடம் நீட்டினேன். அவள் வாசித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், உடனே எல்லோரும் சிரிப்பை நிறுத்தினார்கள். பல் விளக்கத் தோன்றாத நாட்கள் அந்த அறையில் எல்லோருக்கும் இருந்திருக்கின்றன. டாக்டரம்மாவுக்கும் இருந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது.

கேள்விகளில் சண்டை இல்லை. சண்டை வேறு இடத்தில். பதில்கள் ஒரு கோட்டுக்குக் கீழே போனால் என்ன செய்வது? முதல் திட்டப்படி, அந்த நொடியே அம்மா அப்பா போனுக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும். நாங்கள் ஒருவர் விடாமல் வேண்டாம் என்றோம். மெசேஜ் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் எவனும் உண்மையைத் தட்டி அனுப்ப மாட்டான், ஆறு மாதமும் எல்லோரும் நன்றாகப் பல் விளக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதில், நர்ஸ் அண்ணா உடனே அந்தப் பிள்ளைக்கே போன் செய்ய வேண்டும். சேரும்போதே ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், விளையாட்டு சாராக இருக்கலாம். போன் எடுக்காவிட்டால் அந்த ஆளுக்குச் சொல்லப்படும். உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம், ஆனால் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டாரைக் கூப்பிடுவோம். டாக்டரம்மா பல நாள் யோசித்து, எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

ஆனால் மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆராய்ச்சிக்கும் நெறிமுறைக் குழு சரி சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு தடவை முடியாது என்று சொல்லியாயிற்று. கடைசியாக நேரில் வந்து எங்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்து கேட்டு முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்குத் தலைவர் முறை என்னுடையது. அவர்கள் தேதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டதில் அது உருண்டு வந்து என் தலையில் நின்றது. "நான் வேணா உக்கார்றேன்டா," என்றான் ரேடியோ. செருப்புக்கடை அக்கா, "அவ முறை. அவ சொல்லட்டும்," என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். அங்கே எனக்கு வந்துவிட்டால்? கை நடுங்கி, மூச்சு வாங்கி, பரீட்சை ஹால்போல் சரிந்துவிட்டால்? "பாத்தீங்களா, இந்தப் புள்ளைங்க கையிலயா முடிவ விடச் சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது. எங்கள் மாதக்கணக்கான பேச்சு, அக்காவின் கதவுத் தட்டு, பல் விளக்கும் கேள்வி, எல்லாம் என் ஒரு மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

தலையசைத்துக் கூட்டத்தை ஆரம்பித்தேன். பழக்கங்களை அக்கா விளக்கினாள். குழுவில் ஒரு வக்கீல் இருந்தார்; வெள்ளை மீசை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசும் ஆள். ஒரு ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் இருந்தார். அவர்தான் முதல் ஆளாகக் கை தூக்கி, விரலை நீட்டி, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைபோல் காத்திருந்தார். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மற்றவர்கள் டாக்டர்கள்; காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் கை தூக்காமலே பேச ஆரம்பித்தார். ரேடியோ ஒன்றும் சொல்லாமல் தன் கையைத் தூக்கி, அவரைப் பார்த்தபடியே வைத்திருந்தான். அவர் நிறுத்தி, மீசைக்குள் ஏதோ முணுமுணுத்து, கை தூக்கினார். ஹெட்மிஸ்ட்ரஸ் தன் கையை இறக்கி அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

"சொல்லுங்க சார்," என்றேன். அதுதான் அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை.

"பாப்பா, நான் எதிரி இல்ல. முதல்ல அதப் புரிஞ்சுக்க. எனக்கு ஒரே கேள்விதான். ஒரு பிள்ள நம்மகிட்ட சொல்லுது, எனக்கு முடியலன்னு. நமக்குத் தெரியும். அதப் பெத்தவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி ஏதாவது ஆயிடுச்சுன்னா, அந்த அப்பன் என் முன்னாடி வந்து நின்னு, 'உங்களுக்குத் தெரியும், எனக்கு ஏன் சொல்லல'ன்னு கேட்டா, நான் என்ன சொல்றது? நீ சொல்லு."

அவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் எனக்கு மூச்சு நன்றாக வரும். அவர் கேட்டதும் அந்த அப்பன் என் கண்முன் வந்து நின்றார். அவருக்கு என் அப்பாவின் முகம். விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. அக்கா ஏதோ பதில் சொன்னாள். அவள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. வக்கீலின் வாய் அசைந்தது. எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகிவிட்டது. வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த உயரமான நாற்காலியிலிருந்து குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. கதவுவரை எப்படிப் போனேன் என்று நினைவில்லை. கை மட்டும் தானாகப் போய்க் கதவில் இரண்டு முறை தட்டியது.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். படி, கன்னத்தை வைத்துக்கொள்ளலாம்போல் குளிர்ச்சியாக இருந்தது. மூச்சை உள்ளே இழுக்கப் பார்ப்பது முட்டாள்தனம், வெளியேவிட்டால் அதுவே உள்ளே வரும் என்று டாக்டரம்மா சொல்லித் தந்திருந்தார். வெளியே விட்டேன். அழுகை வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். இந்நேரம் ரேடியோ தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து சமாளித்துக்கொண்டிருப்பான், வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார், ஹெட்மிஸ்ட்ரஸ் 'பாவம்' என்றிருப்பார். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை நினைத்ததும் இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது. யாரும் பின்னால் வரவில்லை. அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் மூச்சு தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதை ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம் என்றுதான் திரும்பிப் போனேன்.

உள்ளே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அந்த நேரத்தில் நடந்ததை ரேடியோ பிறகு சொன்னான். ஒரு தடவை இல்லை, பார்க்கும்போதெல்லாம் சொல்கிறான். "நீ தட்டிட்டுப் போயிட்ட. வக்கீல் சார் எழுந்துட்டாரு, 'யாராவது போங்கப்பா'ன்னு. நர்ஸ் அண்ணன், 'ரெண்டு தட்டு சார், உக்காருங்க'ன்னாரு. சரி, கூட்டத்தத் தொடரலாம்னு பாத்தா, தலைவர் இல்ல. எங்க சட்டத்துல எல்லாம் எழுதுனோம், தலைவரே எழுந்து போனா என்னன்னு எவனும் எழுதல. டாக்டரம்மா கை தூக்குறாங்க. யார்கிட்ட தூக்குறது? அனுமதி குடுக்க ஆளே இல்ல. தூக்கின கைய இறக்கவும் தெரியாம அப்படியே வெச்சிருக்காங்க. அப்புறம் அக்கா சொன்னா, 'தலைவர் வர்றவரைக்கும் யாரும் பேசக் கூடாது. அவதான் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காளே.' அவ்ளோதான். ஊமைப் படம். எனக்கு அது எவ்ளோ பெரிய கொடுமை தெரியுமா? வாயக் கையால பொத்திக்கிட்டேன். வக்கீல் சார் தண்ணி பாட்டில் மூடியத் தெறக்குறாரு, மூடுறாரு, தெறக்குறாரு. நாலு தடவை கதவப் பாத்தாரு. அஞ்சாவது தடவை எழுந்து கதவுவரைக்கும் போயிட்டாரு. கைப்பிடியில கை வெச்சாச்சு. நாங்க எல்லாரும் பாக்குறோம். கைய எடுத்துட்டுத் திரும்பி வந்து உக்காந்துட்டாரு. வேர்த்துப்போச்சு மனுசனுக்கு. அப்ப அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மெதுவா எழுந்து உன் நாற்காலிகிட்ட வர்றாங்க. போச்சுடா, உக்காரப் போறாங்கன்னு நெனச்சேன். அவங்க மண்டி போட்டு, அடியில கைவிட்டு, டப்புனு ஒரு சத்தம். நாற்காலி கீழ எறங்குச்சு. எழுந்து போயி அவங்க எடத்துல உக்காந்துட்டாங்க."

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் உள்ளே வந்ததும் எல்லா முகமும் திரும்பியது. ஒரு முகமும் எதுவும் கேட்கவில்லை. என் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். கால் தரையில் பதிந்தது.

"எங்க விட்டோம்?" என்றேன்.

வக்கீல் கை தூக்கினார். இந்த முறை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஏதோ கேட்க வாய் திறந்து, ரேடியோவின் பார்வையைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டு, வேறொன்று கேட்டார். "தலைவர் மன்னிக்கணும். ஒரு சந்தேகம். தட்டாமப் போயிருந்தா யாரு பின்னாடி வந்திருப்பாங்க?"

"நர்ஸ் அண்ணா."

"உங்க அப்பா கீழதானே இருக்காரு? வரும்போது பாத்தேன், காருகிட்ட நிக்கிறாரு, எங்கிட்ட பேசினாரு. பெத்த அப்பா கீழ இருக்கும்போது, அவரு ஏன் இல்ல?"

யாரும் சொல்லித் தராத கேள்வி. தயார் செய்து வைத்திருந்த காகிதத்தில் இதற்குப் பதில் இல்லை. அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவர் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் அவர் அப்படித்தான். நான் எங்கே போனாலும் அவர் காலுக்கடியில் ஒரு பிரேக் இருக்கும். எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அவர்தான் முதலில் ஓடிவருவார். ஓடிவந்து என் கையைப் பிடித்ததும் அவர் முகம் வெளுத்துப்போகும், உதடு துடிக்கும். அந்த முகத்தைப் பார்க்கும்போது எனக்கு நடப்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

"எங்கப்பா ரொம்ப நல்லவரு சார்," என்றேன். "ஆனா அப்பா வந்தா, நான் அப்பாவப் பாத்துக்கணும். அவரு பயந்துடுவாரு. எனக்கு ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பான்னு நான் சொல்லிட்டே இருக்கணும். மூச்சே இல்லாதப்ப அத வேற சொல்லணும். நர்ஸ் அண்ணா வந்தா நான் யாரையும் பாத்துக்க வேணாம். என்ன மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்." கொஞ்சம் நிறுத்தினேன். குரல் அப்போதும் இருந்தது, அதனால் தொடர்ந்தேன். "அந்த அப்பா வந்து உங்கள ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. எனக்குத் தெரியல சார். ஆனா வீட்டுக்கு மெசேஜ் போகும்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. அந்தப் பிள்ள நல்லா இருக்கேன்னு தட்டிட்டுப் படுத்திருக்கும். அப்ப அவரு கேக்குறதுக்குக்கூட ஆளு இருக்காது."

இவ்வளவு நீளமாக நான் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. ரேடியோ வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தான். வக்கீல் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். ஹெட்மிஸ்ட்ரஸ் கை தூக்கினார், தலையசைத்தேன். "எனக்குக் கேள்வி இல்ல தலைவரே. தலைவர் பேசினது கூட்டத்து மினிட்ஸ்ல அப்படியே வரணும். சுருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். செருப்புக்கடை அக்கா வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதற்றமானால் அவளுக்கு அதுதான் வழி. "டாக்டரம்மா ஒரு சைஸ் சின்னதாப் போட்டிருக்காங்க," என்றாள் திடீரென்று. "வருஷக்கணக்கா வலிச்சிருக்கும், சொல்லிக்கல பாரு." ரேடியோ, "நாம ஆராய்ச்சி எலிங்க இல்ல, எலிங்களோட யூனியன் லீடருங்க. தோத்தாலும் ஸ்ட்ரைக் பண்ணலாம்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா கதவைத் திறந்தபோது அவர் முகம் எதையும் காட்டவில்லை. நேராக நடந்து வந்து, தரையில் எங்களோடு உட்கார்ந்தார். பிறகு, "உங்க திட்டம்தான்," என்றார். "எழுதுனது எழுதுனபடி. மூணு மாசத்துல ஒரு தடவ அவங்க வந்து பாப்பாங்க. வக்கீல் சார் எதிர்த்துதான் ஓட்டுப் போட்டாரு. காரணத்த எழுதிக் குடுத்திருக்காரு. ஆனா அடுத்த கூட்டத்துக்கு வரலாமான்னு கேக்குறாரு."

அக்கா எழுந்து என்னை இடுப்போடு தூக்கினாள். நிஜமாகவே தூக்கிவிட்டாள். அன்றைக்கு இரண்டாவது முறையாக என் கால் தரையில் இல்லை. ரேடியோ வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினான். ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்பதால் சத்தமில்லாமல் வாயை மட்டும் பெரிதாகத் திறந்துகொண்டு ஓடினான். நர்ஸ் அண்ணா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி உள்ளே சொன்னதை அவரிடம் நானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்தேன். அறை முழுக்கச் சொல்லியாயிற்று, மினிட்ஸில் வேறு வரப்போகிறது. காரில் ஏறி, கதவைச் சாத்தி, எதிரே இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்பா சாவியைத் திருகவில்லை.

"அப்ப நான் எதுக்கு மூணு மணி நேரமா இங்க நிக்கிறேன்?" என்றார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்துக்கொண்டார். "அவ்ளோ மோசமாவா இருக்கும் என் மூஞ்சி?"

"அப்பப்ப."

கண்ணாடியைச் சரிசெய்தார். கார் கிளம்பியது. இரண்டு சிக்னல்களைத் தாண்டினோம். நான் அவரை உடைத்துவிட்டேன் என்று தோன்றியது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாவது சிக்னலில், "அந்த நர்ஸ் தம்பி நம்பர எனக்கும் குடு," என்றார்.

"எதுக்குப்பா?"

"நீ பயந்தா அவருக்குப் போன் பண்ணுவ. நான் பயந்தா யாருக்குப் பண்றது?"

சிக்னல் பச்சையானது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்து எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே அடிப்பார்கள்.

அதெல்லாம் முடிந்து, இன்றுதான் ஆராய்ச்சியின் முதல் நாள். பள்ளிகளிலிருந்து சேர்ந்த பிள்ளைகளின் போனுக்கு முதல் முறையாகக் கேள்விகள் போகும் நாள். நாலாவது மாடிக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள்; அக்கா, ரேடியோ, நான் மூவரும் போயிருந்தோம். நர்ஸ் அண்ணா கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "முடியலம்மா," என்றார். கேள்விகள் போயின. நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாருடைய பெயரும் அதில் வராது, எண்கள் மட்டும்தான். ஒவ்வொன்றாகப் பதில்கள் வர ஆரம்பித்தன. பச்சை. பச்சை. மறுபடி பச்சை. பல் விளக்கத் தோன்றியது, போன் அடித்தால் எடுக்கத் தோன்றியது, நாளைக்கு எழுந்திருக்கத் தோன்றுகிறது.

"எல்லாரும் பல்லு விளக்கியிருக்காங்க," என்றான் ரேடியோ. "ஊரே சுத்தமா இருக்கு." ஆனால் அவன் குரல் இறங்கியிருந்தது.

எனக்கு ஒரு பயம் வந்தது. இது மூச்சுப் பயம் இல்லை. நாங்கள் தப்புச் செய்துவிட்டோமோ என்ற பயம். வீட்டுக்குச் சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தும் யாரும் நம்பவில்லையோ? நம்புவதற்குப் பிள்ளைகளுக்கு நாங்கள் யார்? இத்தனை பச்சைகளில் எத்தனை, நான் பாத்ரூமிலிருந்து "நல்லா இருக்கேன்" என்று குரல் கொடுப்பதுபோல் பச்சை? அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

அப்போது ஒரு வரி நிறம் மாறியது.

பல் விளக்கத் தோன்றவில்லை. போன் எடுக்கத் தோன்றவில்லை. கடைசியில், எழுதினால் எழுதலாம் என்று நாங்கள் காலியாக விட்டிருந்த இடத்தில், 'இதை முதல் தடவை சொல்றேன்' என்று இருந்தது.

எங்கோ, நாங்கள் பார்த்தே இராத ஒரு வீட்டில், போர்வைக்குள்ளோ மொட்டை மாடியிலோ பூட்டிய பாத்ரூமிலோ இருந்துகொண்டு, யாரோ ஒருவர் எங்களை நம்பி உண்மையைச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட பதிலுக்குச் சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் ஏதோ எழுந்து நின்றது. பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"எல்லாரும் வெளிய," என்றார் நர்ஸ் அண்ணா, அந்தத் தாலாட்டுக் குரலில். கை அதற்குள் போனுக்குப் போயிருந்தது. "இது அவங்களுக்கும் எனக்கும்."

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அந்தக் கதவில் பாதிக்கு மேல் மங்கலான கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் அவர் உருவம் மட்டும் நிழலாகத் தெரிந்தது. அகலமான தோள்கள், காதில் போன். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். நிழல் அசையாமல் நின்றது. நாங்கள் மூவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதேபோல் அசையாமல் நின்றோம். நீண்ட நேரம் கழித்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் அந்தத் தலை லேசாகச் சாய்ந்தது. மறு கை பின்னால் நீண்டு துழாவி, ஒரு நாற்காலியைப் பிடித்து இழுத்தது. நிழல் மெதுவாக உட்கார்ந்தது.